எழாத சக்கரவர்த்தி

மூன்று மணி நேரமாகச் சபை நின்றுகொண்டிருக்கிறது. உட்கார்ந்திருப்பவர் சக்கரவர்த்தி மட்டும்தான். அவர் எழுந்தால்தான் சபை கலையும். அவரோ தானியக் கப்பல் அறிக்கையை நான்காம் முறை வாசிக்கச் சொல்கிறார். கான்ஸ்டான்டிநோபிளின் குளிர்கால வெயில் பளிங்குத் தரையில் ஊர்ந்து, அரியணை ஓரம் நிற்கும் சிசினியோஸின் பாதத்தை நெருங்குகிறது. வலது காலை அங்கிக்குள் இழுத்துக்கொண்டு அவர் கொக்குபோல நிற்கிறார். விடியற்காலை இருட்டில் சக்கரவர்த்திக்கு உடை உடுத்திவிட்ட அவசரத்தில், அவருடைய சிவப்புக் காலணி ஒன்றைத் தன் காலில் மாட்டிக்கொண்டு வந்துவிட்டார். சிவப்பு சக்கரவர்த்திக்கு மட்டுமே உரியது. வேறு யார் போட்டாலும் அரியணைக்கு ஆசைப்பட்டதாக அர்த்தம், கண்ணைப் பிடுங்கிவிடுவார்கள். "என்ன ஓய், கால் சுளுக்கா?" பக்கத்தில் நிற்கும் கருவூல அதிகாரி கோஸ்மாஸ் உதடு அசையாமல் கேட்கிறார். "வாதம். குளிருக்கு இழுக்குது." "நேத்து படியில ஆட்டுக்குட்டியாட்டம் குதிச்சீரே!" அமைதி காக்கும் சேவகன் தடியால் தரையைத் தட்டுகிறான். வெயில் அங்கியின் ஓரத்தைத் தொடுகிறது. சக்கரவர்த்தி திரும்பாமலே விரலை அசைத்துக் கூப்பிடுகிறார். சிசினியோஸ் நொண்டிப்போய், வியர்த்த நெற்றியோடு குனிகிறார். கிரீடத்து முத்துச்சரம் அவர் காதில் உரசுகிறது. "அறிக்கை முடியப்போகுது. அஞ்சாம் தடவை படிக்கச் சொன்னா சிரிப்பானுங்க," என்று சக்கரவர்த்தி பல்லைக் கடித்தபடி முனகுகிறார். "நான் எந்திரிச்சா என் மானம் போகும், உன் கண்ணு போகும். ஏதாவது வழி பண்ணுய்யா. உன் கறுப்புச் செருப்பு என் காலைக் கடிக்குது."