சுவருக்கு மேலே

"சனியனே, அந்தப் பக்கம் போகாத! எரிஞ்சு கரியாப் போயிருவே!"

பக்கத்து வீட்டு இராக்கம்மா தன் கோழியைத்தான் திட்டினாள். ஆனால் தேயிலைக் கொழுந்து பறித்துவிட்டு வாசலேறிய ஜெயலெட்சுமிக்கு அது யாருக்கான பேச்சு என்று தெரியாதா? நாலு மாதமாக இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை இல்லை. ஒரே கூரைக்குக் கீழே வரிசை வீடுகளாக இருக்கும் லயத்தில் பேச்சு நின்றுபோனால், சொல்ல வேண்டியதெல்லாம் கோழிக்கும் நாய்க்கும்தான்.

"கேட்டீங்களா? நம்ம வீடு எரிஞ்சு போகணுமாம்," என்றாள் கூடவே வந்த புருஷனிடம்.

வீரய்யா வாயைத் திறப்பதற்குள் உள்ளேயிருந்து மகள் யசோதினி அலறினாள்.

"அப்பா! ரெண்டு பிளக்கும் செத்துப்போச்சு. லைட் மட்டும் எரியுது!"

தீவனம் வாங்க லுணுகலை டவுனுக்குப் போய்விட்டு அப்போதுதான் அவளும் வந்திருந்தாள். குஞ்சு பொரிக்கிற பெட்டி அணைந்து கிடந்தது. உள்ளே அறுபது முட்டை. பத்தொன்பதாம் நாள்; பொரிக்க இன்னும் இரண்டே நாள். கொழும்பில் ஒரு வருஷம் கடையில் வேலைக்கு நின்று வாங்கிய பெட்டி அது. குஞ்சு வந்தால் அப்பா அம்மாவோடு இங்கேயே இருக்கலாம். வராவிட்டால் மறுபடியும் கொழும்புதான்.

"முட்டை ஆறிப்போனா எல்லாம் முடிஞ்சிரும்ப்பா..."

வீரய்யா போன் எடுத்தார். அரை மணி நேரத்தில் வயர்மேன் ஷுக்ரி முச்சக்கர வண்டியில் வந்து இறங்கினான்.

வாசலில் இருந்த மெயின் பெட்டியைத் திறந்தவன் புருவத்தை உயர்த்தினான்.

"அண்ணே, பிளக்குக்குப் போற சுவிச்ச யாரோ கீழ இறக்கி, மேல பிளாஸ்டரும் ஒட்டியிருக்காங்க."

"நான் சொல்லல?" ஜெயலெட்சுமி கையை நீட்டினாள். "மலையில இருந்து வரும்போது பார்த்தேன். அவ நம்ம படியில இருந்து இறங்கிப் போனா. பொறாமை புடிச்சவ!"

"இவ்வளவுதானா?" வீரய்யா ஆத்திரத்தோடு பிளாஸ்டரைப் பிய்க்கப் போனார்.

ஷுக்ரி அவர் கையைப் பிடித்துக்கொண்டான். "பொறுங்கண்ணே. இறக்கினது யாருன்னு அப்புறம் பார்ப்போம். ஏன் இறக்கினாங்கன்னு முதல்ல பார்ப்போம்."

உள்ளே போய், பெட்டிக்கு அடுத்த பிளக்கை மறைத்துக்கொண்டிருந்த தீவனச் சாக்கை இழுத்தான். சாக்கின் ஒரு பக்கம் கருகிப்போயிருந்தது. பிளக் உருகிச் சுவரில் வழிந்திருந்தது.



"அந்த சுவிச்ச மட்டும் நீங்க மேல தள்ளியிருந்தா, இந்த லயமே இருந்திருக்காது," என்றான் ஷுக்ரி. பிறகு அண்ணாந்து பார்த்தான். இரண்டு வீட்டுக்கும் நடுவிலுள்ள சுவர் கூரை வரை போகவில்லை. "வீடு பூட்டியிருந்திருக்கு. அதுக்கு மேலால வந்த புகையைப் பார்த்துட்டுத்தான் ஓடி வந்திருக்காங்க."

ஜெயலெட்சுமி கருகிய சாக்கைத் தொட்டுப் பார்த்தாள். "அப்போ கோழிக்குச் சொன்னது... நமக்குச் சொன்ன புத்தியா?"

"வயர் உள்ளுக்கே வெந்துபோச்சு. நாளைக்கு வந்து மாத்துறேன். அது வரைக்கும் மெயினையே இறக்கி வைக்கிறேன். யாரும் தொடாதீங்க," என்றான் ஷுக்ரி.

"ஷுக்ரி நானா, அப்ப முட்டை?" என்றாள் யசோதினி.



மேலே ஏதோ உரசியது. எல்லோரும் நிமிர்ந்தார்கள். சுவருக்கு மேலாக ஒரு நீட்டு வயர் மெல்ல இறங்கி வந்தது. அதன் முனையில் பிளக் பொருத்தும் கட்டை. கட்டையில் சின்னதாகச் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. 

யசோதினி பெட்டியின் வயரை உருகாத மற்றப் பிளக்கிலிருந்து பிடுங்கி அதில் மாட்டினாள். பெட்டிக்குள் வெளிச்சம் வந்தது. முட்டையொன்றைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள்.

"இன்னும் சூடு விட்டுப்போகலம்மா!"

"பக்கத்து வீடெல்லாம் இப்படி இருந்தா நான் கடையை மூடிட்டுப் போக வேண்டியதுதான்," என்று சிரித்தபடி ஷுக்ரி சாமான்களைப் பொறுக்கினான்.

அவன் போன பிறகு யசோதினி குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"இப்படி ஒரு மனுஷியோட எதுக்குப்பா பேசாம இருக்கோம்? நான் கொழும்புல இருந்தப்ப அப்படி என்னதான் செஞ்சாங்க?"

வீரய்யா அந்த வயரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவங்க ஒன்னும் செய்யலம்மா. அன்னிக்கு அவங்க வீட்டுக் கரண்ட் நின்னுபோயிருந்திச்சு. கட்டார்ல இருந்து மகன் கூப்பிடுவான், போனைக் கொஞ்சம் சார்ஜ் போட்டுத் தாங்கன்னு வந்து நின்னாங்க. 'எங்க பிளக் என்ன ஊர்ப் பொதுவா'ன்னு கேட்டுத் திருப்பி அனுப்பினது நான்தான்."