கணக்கு வாத்தியாரின் முதுகு

பள்ளிக்கூட மண்டபத்து மேடையில் கணக்கு வாத்தியார் வியர்த்துக்கொண்டு நிற்கிறார். பட்டாளத்தை விட்டு வந்த நாளிலிருந்து வகுப்புக்கு முதுகைக் காட்டாத மனிதர் அவர். பக்கவாட்டில் நின்றபடியே கரும்பலகையில் எழுதுவார். அவர் போடும் எட்டைப் பார்த்தால் நண்டுக்கே சிரிப்பு வரும். இன்றைக்கு வசமாக மாட்டிக்கொண்டார். நாட்டைக் காத்தவர் என்று அவரைப் பாராட்டி மேடையின் பின்சுவரில் கல் பதித்து, மஞ்சள் திரை போட்டு மூடியிருக்கிறார்கள். அவர் திரும்பி நின்று கயிற்றை இழுக்க வேண்டும். எதிரே, உலகத்துப் பிள்ளைகளையெல்லாம் ஒரே மண்டபத்தில் திணித்தாற்போல் கூட்டம். ஜன்னலில் மழைக்கு முந்திய சாம்பல் வெளிச்சம். பிள்ளைகளின் முகங்கள் தெரிகின்றன. கைகள் முன்வரிசை முதுகுகளுக்குப் பின்னால் மறைந்திருக்கின்றன. மின்விசிறி பல்வலிக்காரனைப் போல முனகுகிறது.

“என்ன சார், கல்யாணப் பொண்ணாட்டம் நிக்கிறீங்க? திரும்புங்க,” என்று ஓவிய வாத்தியார் காதைக் கடிக்கிறார்.

“அவங்களை இப்பவே கை தட்டச் சொல்லுங்க.”

“தெரை தெறந்தப்புறம்தானே தட்டுவாங்க?”

“சத்தம் கேக்குற வரைக்கும் யார் கையிலயும் ஒண்ணும் இல்லேன்னு அர்த்தம் சார்.”

ஓவிய வாத்தியாரின் சிரிப்பு பாதியில் நின்றுபோகிறது. அவரே முதலில் கை தட்டுகிறார். மண்டபத்துக் கூரை பிய்த்துக்கொண்டு போகிற மாதிரி ஆரவாரம் எழுகிறது. கணக்கு வாத்தியார் திரும்பிக் கயிற்றை இழுக்கிறார், திரை சரிகிறது. பொன்னெழுத்துகளை ஒவ்வொரு வரியாகப் படிக்கிறார். தன் பேர் இருக்கும் வரிக்கு அவர் வருவதற்குள் பின்வரிசையில் கைதட்டல் ஓய்கிறது. சட்டென்று திரும்பிச் சுவரோடு சாய்ந்துகொள்கிறார். கல்லில் செதுக்கிய அவருடைய பேரை அவருடைய முதுகே மறைத்துக்கொண்டிருக்கிறது.