பெரிய மிஸ்ஸின் ஹேஷ்

"இதை எழுதினது ஆர்?"

அதிபர் பத்மாதேவி வாசலில் நின்று கேட்டதும் கம்ப்யூட்டர் வகுப்பு கப்சிப் ஆனது.

வெண்பலகையில் 'பெரிய மிஸ் பற்றி ஓர் இரகசியம்' என்று ஒரு தலைப்பு. அதற்குக் கீழே எண்ணும் ஆங்கில எழுத்தும் தாறுமாறாகக் கலந்த ஒரு நீளமான வரி. பெரிய மிஸ் என்று பிள்ளைகள் சொல்வது தன்னைத்தான் என்று பத்மாதேவிக்குத் தெரியும். வேறு என்னவெல்லாம் சொல்கிறார்கள் என்பதும் ஓரளவு தெரியும்.

"இது ஹேஷ், மிஸ்," என்றார் ஆசிரியை ஷஹ்மா. "பிட்கொயின்ல கணக்குகள இப்படித்தான் பூட்டி வைக்கிற. எந்த வசனத்தப் போட்டாலும் இதே நீளத்துக்கு ஒரு வரி வரும். ஒரு எழுத்து மாறினாலும் முழு வரியும் மாறிரும்."

"அது இருக்கட்டும். இதுக்குள்ளை என்ன எழுதியிருக்கு?"

"எனக்கும் தெரியா மிஸ். வசனத்தில இருந்து வரிக்குப் போகலாம், வரியில இருந்து வசனத்துக்குத் திரும்பி வர ஏலா. ஊகிச்சு ஊகிச்சுத் தட்டிப் பாக்கத்தான் வேணும். பிட்கொயின் எடுக்கிற பெரிய மெஷின்களும் அதத்தான் செய்ற."

பின்வரிசையில் யாரோ சிரிப்பை அடக்கினார்கள். பத்மாதேவி அந்த வரியைப் போனில் படமெடுத்துக்கொண்டு விறைப்பாக வெளியேறினார்.

ஏச்சாகத்தான் இருக்கும். காலை மணி அடித்த பிறகு வருகிறவர்களைக் கேட்டுக்கு வெளியே நிறுத்துகிறவர் அவர். ரிபன் கொஞ்சம் வெளிறினாலும் கூப்பிட்டு விசாரிக்கிறவர். அவரைப் பற்றிப் பிள்ளைகள் வேறென்ன எழுதப்போகிறார்கள்?

அன்று பின்னேரம் வீட்டில் தேத்தண்ணீர் ஆறியதுகூடத் தெரியாமல், அந்த வரி வருகிறதா என்று லப்டொப்பில் வசனம் வசனமாக ஹேஷ் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். கணவர் தேவராசா தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

"'பெரிய மிஸ் ஒரு பத்திரகாளி.' இதை ஆர் எழுதினது?"

"நான்தான்."

"இப்பவாவது ஒத்துக்கொண்டீரே!"

"பகிடி விடாதேங்கோ." விஷயத்தைச் சொன்னார். "இதுவும் பொருந்தேல்லை."

"அப்ப எங்கட வீட்டிலயும் பிட்கொயின் தோண்டத் தொடங்கியாச்சு!" தேவராசாவுக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். "'ராங்கி பிடிச்ச மனுசி' எண்டு போட்டுப் பாரும். இல்லையோ? 'சொன்னாக் கேளாத மனுசி'? 'சரியான சிடுமூஞ்சி'?"

ஒவ்வொன்றுக்கும் முன்னதோடு சம்பந்தமே இல்லாத வரி வந்தது. கலியாணம் கட்டின நாள் முதல் மனதில் சேர்த்து வைத்ததையெல்லாம் மனுசன் இந்தச் சாட்டில் அவிழ்த்துவிடுகிறார் என்பது பத்மாதேவிக்கு விளங்கச் சற்று நேரம் எடுத்தது.

"போதும், எழும்புங்கோ!"

எழும்பியவர் சிரித்துக்கொண்டே கேட்டார். "நல்லதா ஒண்டும் போட்டுப் பாக்கேல்லையோ?"

"அப்பிடியும் எழுதுவினமே?" என்றார் பத்மாதேவி. லப்டொப்பை மூடினார்.

மறுநாள் ஷஹ்மாவைக் கூப்பிட்டார். அந்த வரியை எழுதியது, தூரத்துப் பன்வில ஊரில் இருந்து பஸ்ஸில் வருகிற மாணவி சுவர்ணா என்று தெரிந்தது.

"இப்ப கேட்டா அந்தப் பிள்ளை எனக்குப் பயந்து நல்லதா ஒண்டைச் சொல்லும்."

"பொய் சொன்னா அந்த வரி வராது மிஸ்."

சுவர்ணா அதிபரின் அறைக்குள் வந்து கையைப் பிசைந்துகொண்டு நின்றாள்.

"பயப்பிடாதை பிள்ளை. என்ன எழுதியிருந்தாலும் தண்டிக்கமாட்டன். நீ சொல்லு, நான் தட்டுறன்."

"கதவச் சாத்திக்கவா மிஸ்?"

அவ்வளவு மோசமா? பத்மாதேவி தலையசைத்தார். சுவர்ணா கதவைச் சாத்திவிட்டு வந்து மெதுவாகச் சொன்னாள்.

"'மழை நாள்ல...'"

தட்டினார்.

"'பன்வில பஸ் வர்ற வரைக்கும்...'"

விரல் நின்றது.

"'...மணி அடிக்கிற அங்கிள பெரிய மிஸ் வேற வேலைக்கு அனுப்பிருவாங்க.' கடைசியில ஒரு முற்றுப்புள்ளி மிஸ்."

புள்ளியையும் வைத்தார். திரையில் வந்த வரியும் போனில் இருந்த வரியும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருந்தன.

பத்மாதேவி கண்ணாடியைக் கழற்றி, தேவைக்கு அதிகமாகவே துடைத்தார். பிறகு பழைய அதட்டலை வரவழைத்துக்கொண்டார்.

"இது வெளியில தெரிஞ்சா, மழை பெய்ஞ்சா ஒருத்தரும் நேரத்துக்கு வரமாட்டினம். விளங்குதோ?"

"தெரியும் மிஸ். அதனாலதான் யாரும் வாசிக்க முடியாத மாதிரி எழுதினேன்."