கேமில் ஒரு குறை

பிற்பகல் இரண்டு மணிக்கே வோபர்னில் வானம் கறுத்துக் கிடக்கிறது. காற்று பனியை அள்ளிக் யன்னல் கண்ணாடியில் அறைகிறது. மரியோ திரையிலிருந்து கண்ணெடுக்காமல் தான் விளையாடும் ஜப்பான் வீடியோ கேமைக் குறை சொல்கிறான். "எல்லாம் திறம். ஆனா இந்தக் கதவுக்குள்ள போனா ஊருக்குத் திரும்பேலாது எண்டு முதலே சொல்லியிருக்க வேணும். எல்லாரோடயும் ஒருக்காக் கதைச்சிட்டு வந்திருப்பன்." குசினி வாசலில் அவன் மனைவி ஏஞ்சலா இப்போதுதான் போனைக் கீழே வைக்கிறாள். ஆஸ்பத்திரியில் அவனுடைய ஸ்கான் முடிவு வந்துவிட்டதாம். இன்றைக்கே வரட்டாம், தனியே வரவேண்டாமாம். திரையில் ஊர் பற்றி எரிகிறது. அந்தச் சிவப்பு அவன் கன்னத்தில் ஆடுகிறது. "ஆரப்பா போனில?" என்கிறான். "ஒருத்தருமில்லை," என்கிறாள். பிறகு அவனுடைய பனிச் சப்பாத்துகளை எடுத்துவந்து, வீட்டு வாசலில் தன்னுடையவற்றுக்குப் பக்கத்தில் ஓசைப்படாமல் வைக்கிறாள்.