பக்கத்துக் கோடு

எஸ்தரின் பாக்டீரியாவுக்குக் கேட்கத் தெரியும், கூப்பிடத் தெரியாது. பிற பாக்டீரியாக்கள் அனுப்பும் வேதிச் சமிக்ஞை தன் குழியில் வந்து அமர்ந்தால்தான், அதற்குள் அவள் வடிவமைத்து வைத்த புரதம் ஒளியை ஏற்றும். குப்பியில் வாங்கி வைத்திருந்த சமிக்ஞையை ஊற்றிப் பார்த்தாள், ஒளி வரவில்லை. புரதமே பழுது என்றார்கள் ஆய்வகத்தில். இந்த வாரத்தோடு, பாக்டீரியாவைக் கோடாக இழுத்து வளர்த்த தட்டுகளை அழித்துவிட்டு ஆய்வைக் கைவிட வேண்டும். அடுத்த மேசை சிக்கந்தர் தன் தட்டை நீட்டினான். அவனுடைய பாக்டீரியா கூப்பிடும். அந்தப் புரதம் இல்லாததால் அதற்குக் கேட்காது.

"இதைத் தொட்டு உன் கோட்டுக்குப் பக்கத்துல ஒரு கோடு இழு."

"உன்னோடதும் இருட்டு, என்னோடதும் இருட்டு. சேர்ந்தா தீபாவளியா?"

"குப்பியில கெடந்தது கெட்டுப்போயிருக்கும். இது உயிரோட சுரக்குது. இழு, எனக்கென்ன கொறஞ்சிடப் போகுது."

இழுத்தாள். இரண்டு கோடுகளும் வளர்ந்தபின் தட்டை இருட்டறைக்கு எடுத்துப் போனார்கள். சிக்கந்தரின் கோட்டை ஒட்டிய முனையில் எஸ்தரின் கோடு நீலமாக எரிந்தது.

"கேட்டுடுச்சு, எஸ்தர்," என்று அவன்தான் முதலில் சொன்னான்.

அவள் தலை குனிந்து ஸ்தோத்திரம் சொன்னாள். ஒளிரத் தெரியாத அவன் கோட்டின் மேல் அந்த நீலம் நிறைந்து விழுந்துகொண்டிருந்தது.