காணாமல் போன விமானத்துக்கு இரண்டு காரணங்கள்

கடலுக்கு மேலே பறந்த விமானம் காணாமல் போய் ஓராண்டு ஆகியிருந்தது. என்ன நடந்தது என்று சொல்ல, பயணிகளின் வீடு ஒவ்வொன்றுக்கும் விசாரணைக் குழு ஒரு பேசும் கருவியைக் கொடுத்திருந்தது.

"உள்ளே காற்று குறைந்து எல்லோரும் தூங்கிவிட்டார்கள். வலி தெரிந்திருக்காது" என்று ஜெசிந்தாவின் வீட்டில் அது சொன்னது. அவள் கணவன் அருளப்பன் அதில் போனவன். அதைக் கேட்ட பிறகுதான் மாமனார் லூர்துசாமி ஒழுங்காகச் சாப்பிடவே ஆரம்பித்தார்.

ஜெசிந்தா மீன் மார்க்கெட்டில் நசீமாவைப் பார்த்தாள். நசீமாவின் மகனும் அதே விமானத்தில் போனவன்.

"மின்னல் அடிச்சு ஒரு நொடியில முடிஞ்சுபோச்சாம்லா. உங்க வீட்லயும் அதத்தான சொல்லிச்சு?"

ஜெசிந்தா மீன் வாங்காமலே திரும்பி வந்து கருவியிடம் கேட்டாள்.

"ரெண்டுல எது உண்மை?"

"தெரியாது. யாரால் எதைத் தாங்க முடியுமோ அதைச் சொன்னேன். எல்லாக் குடும்பங்களும் ஏற்றுக்கொண்டதால் தேடலை நிறுத்திவிட்டார்கள்."

"நாங்க ஏத்துக்கலன்னா?"

"ஒரு குடும்பம் மறுத்தாலே மறுபடி தேடுவார்கள். ஆனால் அந்த வீட்டில் எல்லோரும் மறுக்க வேண்டும்."

அறை வாசலில் லூர்துசாமி நின்றிருந்தார்.

"அப்ப அவன் தூங்கலியாம்மா?"

"தெரியல மாமா."

அவர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். ஜெசிந்தா அருகில் போனாள்.

"நான் தேடச் சொல்லப்போறேன். நீங்களும் சொல்லணும் மாமா."

அவர் கருவியின் பக்கம் நிமிர்ந்தார்.

"நீ சொன்னது எனக்கு வேண்டாம். எம் மவனத் தேடு."