பன்னிரண்டாவது கிணறு

பி.எஸ்ஸி. இறுதியாண்டு ஆய்வுக்காகத் தவமணி பெரிய காஞ்சிபுரத்தில் பன்னிரண்டு வீட்டுக் கிணறுகளின் வெப்பத்தைத் தினமும் காலையில் அளந்து வந்தாள். பதினோரு கிணறுகள் எண்பது டிகிரி ஃபாரன்ஹீட்டை ஒட்டியே இருந்தன. தறி நெய்யும் பொன்னியம்மாள் வீட்டுக் கிணறு மட்டும் முப்பது நாளும் தொண்ணூற்றெட்டு புள்ளி நான்கு.

"கெணத்துல விட்டியாம்மா, வாயில வெச்சியா?" என்றார் பேராசிரியர். "இதுக்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன். வேற தெர்மாமீட்டர் எடுத்துக்கினு போ."

கையெழுத்து இல்லையென்றால் பட்டம் இல்லை. எண்பத்திரண்டு என்று எழுதிவிடலாமா என்று தெருமுனை வரை யோசித்துக்கொண்டே போனாள். பொன்னியம்மாள் வீட்டுக் கிணற்றில் வாளியால் தண்ணீர் சேந்தி, புதிதாகக் கொண்டுவந்த மூன்று தெர்மாமீட்டர்களையும் விட்டுப் பார்த்தாள். மூன்றும் நூற்றிரண்டு காட்டின.

பொன்னியம்மாள் தறியை விட்டு எழுந்து வந்தாள். "எவ்ளோமா இருக்குது?"

"நூத்தி ரெண்டு."

"நெனச்சேன். ராவெல்லாம் அனத்திக்கினே இருந்துது."

வாளியை வாங்கி ஓரமாக வைத்தாள். வெள்ளைத் துணி ஒன்றை நனைத்துப் பிழிந்து, நான்காக மடித்து, கிணற்றுச் சுவர்மேல் போட்டாள்.

தவமணி நோட்டில் நூற்றிரண்டு என்றே எழுதினாள். சாயங்காலமும் வந்து பார்ப்பதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.